பாறை எப்படி மண்ணாகிறது? பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கெட்டியான பொருள் எதைப் பார்த்தாலும் "கல்லு மாதிரி இருக்கு" என்கிறோம். அந்தக் கல்லும் மெல்ல மெல்ல உதிர்கிறது, கரைகிறது, துருப்பிடிக்கிறது. பாறைச் சிதைவு பாடம் படிக்கும் சின்னப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தக் கேள்வியிலிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் முதல் இரண்டையும் முதலில் படித்துவிட்டால் மற்றவை சுலபமாகப் புரியும்.

பாறை தானாகவே உடையுமா? யாரும் சுத்தியலால் அடிக்க வேண்டாமா?

வேண்டாம். மழை, வெயில், உறைபனி, உப்பு, செடியின் வேர் எல்லாம் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துவிடும். என்ன, ரொம்ப மெதுவாகப் பார்க்கும். பாறை நின்ற இடத்திலேயே விரிசல் விட்டு, உதிர்ந்து, கரைந்து, சிறு துண்டுகளாகவும் தூளாகவும் மாறுவதைப் பாறைச் சிதைவு என்கிறோம். சில புத்தகங்களில் வானிலைச் சிதைவு என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

கொஞ்சம் ஆற்று மணலை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடித் துகள் போல மின்னும் மணிகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் என்ற கனிமம். ஒவ்வொரு மணியும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பாறைக்குள் இறுகிக் கிடந்ததுதான்.

சிதைவு, அரிப்பு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. துண்டு இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மலை உச்சியில் ஒரு பாறை பிளந்து, துண்டு அங்கேயே கிடந்தால் அது சிதைவு. வெள்ளம் வந்து அந்தத் துண்டை இழுத்துக்கொண்டு போனால் அது அரிப்பு. வெள்ளத்தின் வேகம் குறைந்து ஓரிடத்தில் போட்டுவிட்டுப் போனால் அது படிதல். உடைப்பது, தூக்கிப் போவது, இறக்கி வைப்பது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இயற்கை அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. ஆறு ஒரு கல்லை உருட்டிக்கொண்டு போகும்போதே அதை உடைக்கவும் செய்யும்.

சிதைவில் எத்தனை வகை?

மூன்று. பாறையின் பொருள் மாறாமல் துண்டாக மட்டும் உடைந்தால் இயற்பியல் சிதைவு. பாறையில் உள்ள கனிமமே வேறொன்றாக மாறினால், அல்லது கரைந்து போனால், வேதியியல் சிதைவு. உயிரினங்களால் நடந்தால் உயிரினச் சிதைவு.

என்னைக் கேட்டால் மூன்றாவதைத் தனியாக வைக்கத் தேவையில்லை. வேர் பாறையைப் பிளந்தால் அது முதல் வகைதான். உயிரினம் அமிலம் சுரந்து பாறையைக் கரைத்தால் அது இரண்டாவது வகை. ஆனால் பரீட்சையில் மூன்று என்றே எழுதிவிடுங்கள்.

தண்ணீர் மெத்தென்று இருக்கிறது. அது எப்படிக் கல்லை உடைக்கும்?

இது நல்ல கேள்வி. தண்ணீர் தண்ணீராக இருக்கும்வரை உடைப்பது கஷ்டம்தான். உறைந்து பனிக்கட்டி ஆகும்போதுதான் அதன் பலம் தெரியும். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்து கெட்டியாகும்போது சுருங்கும். தண்ணீர் அதற்கு நேர்மாறு. உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் இடம் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் ஃப்ரீசர் இருந்தால் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மூடி, ஓர் இரவு உள்ளே வையுங்கள். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும். காலையில் எடுத்தால் பாட்டிலின் வயிறு உப்பியிருக்கும். அடிப்பாகமும் வெளியே தள்ளியிருப்பதால் மேசையில் நேராக நிற்காமல் ஆடும்.

பாறை விரிசலுக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து விரிசலைக் கொஞ்சம் அகட்டும். பகலில் உருகி, அகன்ற இடத்தில் இன்னும் ஆழமாக இறங்கும். மறுபடி இரவு, மறுபடி உறைதல். விறகு பிளப்பவர் ஆப்பு வைத்து அடிப்பாரே, அதே வேலைதான். எந்நேரமும் கடுங்குளிராக இருக்கும் இடத்தைவிட, பகலில் உருகி இரவில் உறையும் இடத்தில்தான் இது மும்முரமாக நடக்கும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு மலைச்சரிவில், பக்கவாட்டில் பார்த்தால் கிழவரின் முகம் போலத் தெரியும் கிரானைட் பாறை ஒன்று இருந்தது. 'மலைக்கிழவர்' என்றே அதற்குப் பெயர். அந்த மாநிலத்தின் அடையாளமே அதுதான். விரிசல் பெரிதாவதைப் பார்த்து, பல பத்தாண்டுகள் சிமென்ட் பூசியும் இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டியும் காப்பாற்றினார்கள். 2003 மே 3 அன்று முகம் மொத்தமாகச் சரிந்து விழுந்துவிட்டது. நெற்றி, மூக்கு, தாடை ஒன்றும் மிச்சமில்லை.

பனியே விழாத வெப்பமான இடத்தில் பாறை உடையாதா? வெயில் உடைக்குமா?

உடையும். ஆனால் வெயில் எப்படி உடைக்கிறது என்பதில் ஒரு சுவையான கதை இருக்கிறது. பகலில் சூடாகிப் பாறை விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது, இப்படி விரிந்து சுருங்கியே பிளக்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1930களில் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு கிரானைட் துண்டைச் சூடாக்கிக் குளிரவிட்டார். மறுபடி சூடு, மறுபடி குளிர். இப்படி 89,400 தடவை! ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் 244 ஆண்டு வெயிலும் இரவும் அந்தக் கல்லின் மேல் போயிருக்கிறது. கல்லில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினார். குளிரவைக்கும்போது தண்ணீரைத் தெளித்தார். சுமார் இரண்டரை ஆண்டுகளுக்குச் சமமான தடவைகளிலேயே கல்லின் பளபளப்பு போனது, விரிசல் தெரிந்தது. வெயில் மட்டும் செய்யாததை வெயிலும் தண்ணீரும் சேர்ந்து செய்துவிட்டன.

அதற்காக வெயில் ஒன்றுமே செய்யாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் சோதித்தது சின்னத் துண்டு. பின்னாளில் பெரிய பாறைகளில் நுண்ணிய ஒலிக்கருவிகளைப் பொருத்திக் கேட்டபோது, வெப்பநிலை சட்டென்று மாறும் நேரங்களில் உள்ளே விரிசல் விடும் ஓசைகள் பதிவாகின. பெரிய பாறையில் வெளிப்பக்கம் சூடாகவும் உள்பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் விடுகிறது.

உப்பு பாறையை உடைக்குமா? சாதாரண உப்பா?

அதே உப்புதான். கடலோரப் பாறைகளில் தேன்கூடு மாதிரி குழிகுழியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீர் பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் போகிறது. தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு உள்ளே தங்கிப் படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் சுற்றியிருக்கும் மணிகளை நெட்டித் தள்ளுகிறது. ஒவ்வொரு மணியாக உதிர்கிறது.

நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் 1881 முதல் ஓர் எகிப்தியக் கல்தூண் நிற்கிறது. ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சிவப்புக் கிரானைட். அங்கே கொண்டுவந்து நிறுத்திய சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. நகரத்துக் காற்றின் மீதுதான் பலரும் பழி போட்டார்கள். ஆனால் அந்தத் தூண் எகிப்தில் பல நூற்றாண்டுகள் தரையில் விழுந்து கிடந்தது, அப்போதே நிலத்திலிருந்து உப்பை உறிஞ்சிவிட்டது என்று பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எகிப்தின் வறண்ட காற்றில் அந்த உப்பு சும்மா இருந்தது. ஈரமான ஊருக்கு வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது. இங்கேயும் கடைசியில் தண்ணீர்தான்!

சில பாறைகள் வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிகிறதே, ஏன்?

கிரானைட் பூமிக்குள் ஆழத்தில் உருவாகும் பாறை. மேலே கிலோமீட்டர் கணக்கில் மண்ணும் பாறையும் அதை அழுத்திக்கொண்டிருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் மேலே இருப்பது அரித்துக் கழிந்துவிடும். பாரம் குறைந்ததும் கீழே இருக்கும் பாறை நிமிர்கிறது. கனமான பெட்டியை எடுத்ததும் மெத்தை எழும்புவது போல. பாறை மெத்தை அல்லவே, வளைந்து கொடுக்கத் தெரியாது. அதனால் மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விட்டுத் தகடு தகடாகப் பிரிகிறது. இதைப் பாறை உரிதல் என்பார்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மொட்டைத்தலை போல வழவழவென்று நிற்கும் கிரானைட் குன்றுகள் இப்படி உரிந்து உருண்டையானவை.

இது நம் கண்முன்னே நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2014 ஆகஸ்டில், அதே கலிபோர்னியாவில் ட்வெயின் ஹார்ட் என்ற ஊரில், நல்ல வெயில் நாளில் ஒரு பாறைக் குன்று பெரும் சத்தத்துடன் வெடித்துப் பிளந்தது. அதைக் காணொளியாகவும் எடுத்துவிட்டார்கள்.

மழையில் பாறை கரையுமா? மழைத்தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானே?

முழுக்கச் சுத்தம் இல்லை. விழும் வழியில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அதனால் மிக லேசான அமிலமாகிவிடும். சோடாவில் நாக்கைச் சுறுக்கென்று கடிக்குமே, அதே கார்பானிக் அமிலம்தான். ஆனால் மழையில் மிகமிகக் குறைவு. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அமிலம் இன்னும் கொஞ்சம் கூடும்.

கிரானைட்டுக்கு இது உடனே ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புப் பாறையும் பளிங்கும் தாங்காது. முட்டை ஓடும் சுண்ணாம்புப் பாறையும் பெரும்பாலும் ஒரே பொருளால், அதாவது கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. முட்டை ஓட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். ஓடு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மேலே கிளம்பும். ஒரு நாள் விட்டுவிட்டால் ஓடு போய்ச் சவ்வு மட்டும் மிஞ்சும். வினிகர் மழையைவிடப் பல மடங்கு பலமான அமிலம் என்பதால் ஒரு நாள். மழை இதையே மிகமிக மெதுவாகத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை: சாக்பீஸை வைத்து இதைச் செய்யச் சொல்வார்கள். இப்போதுள்ள பல சாக்பீஸ்கள் ஜிப்சம் என்ற வேறு கனிமத்தால் செய்தவை. அவை பொங்காது. பரிசோதனை தப்பாகிவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம், சாக்பீஸ்தான் வேறு.

அப்படிக் கரைந்துதான் குகை உண்டாகிறதா?

எல்லாக் குகையும் இல்லை. ஆனால் உலகின் பெரிய குகைகளில் பல இப்படி வந்தவைதான். அமெரிக்காவின் மாமத் குகையை இதுவரை 680 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. அவ்வளவு நீளமும் சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துப் போட்ட பாதை.

கரைந்த சுண்ணாம்பு காணாமல் போவதில்லை. குகைக் கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது. அது சேர்ந்து சேர்ந்து கூரையிலிருந்து விழுதாகத் தொங்கும், கீழே விழுந்த துளிகள் தரையிலிருந்து தூணாக எழும்பும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அதனால்தான் குகைக்குள் போனால் கையால் தொடக் கூடாது என்கிறார்கள்.

சில பாறையும் மண்ணும் ஏன் சிவப்பாக இருக்கின்றன?

துரு. பழைய ஆணி சிவப்பாவதும் இதுவும் ஒன்றே. பல பாறைகளில் இரும்பு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் பட்டால் அவை துருப்பிடித்து உதிரும். ஆஸ்திரேலியாவின் உலுரு குன்று செக்கச்செவேல் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். அது மேல்தோல் மட்டும்தான். உள்ளே உடைத்தால் பாறை சாம்பல் நிறம். செவ்வாய்க் கோள் சிவப்பாகத் தெரிவதும் அதன் தூசியில் உள்ள துருவால்தான்.

அவ்வளவு கெட்டியான கருங்கல் எப்படிக் களிமண் ஆகும்? நம்பவே முடியவில்லை.

கையில் இரண்டு துண்டு கிடைத்தால் நம்பிவிடுவீர்கள். ஒன்று புதிதாக உடைத்த கிரானைட், இன்னொன்று நெடுங்காலம் மண்ணில் கிடந்து உளுத்துப் போனது.

புதியதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்று விதமான மணிகள் தெரியும். கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்துடன் பளிச்சென்று இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பு ஜிகினா போல மினுங்குவது மைக்கா. மூன்றும் இறுகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. நகத்தை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் நகம்தான் உடையும்.

இப்போது பழையதை எடுங்கள். மைக்காவைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்திருக்கும். ஃபெல்ட்ஸ்பாரின் பளிச் முகம் மங்கி, வெள்ளை மாவு பூசியது போல இருக்கும். நகத்தால் கீறினால் மாவாகவே உதிரும். விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் துண்டே பொலபொலவென்று கொட்டிவிடும். அந்தத் தூளில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று ஒட்டும், இன்னொரு பக்கம் நறநறவென்று உறுத்தும். வழுவழுப்பு களிமண். ஃபெல்ட்ஸ்பாரைத் தண்ணீர் மெல்ல மாற்றிச் செய்தது. நறநறப்பு குவார்ட்ஸ். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

மழை வந்தால் களிமண் கலங்கித் தண்ணீரோடு தூரமாகப் போய்விடும். கனமான குவார்ட்ஸ் மணிகள் பின்தங்கும். ஆற்றிலும் கரையிலும் மணல் சேர்வது இப்படித்தான். வெள்ளையான ஒருவகைக் களிமண்ணைக் கயோலின் என்பார்கள், பீங்கான் செய்வது அதில்தான். உங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பை ஒரு காலத்தில் பாறைக்குள் ஃபெல்ட்ஸ்பாராக இருந்திருக்கும்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்கிறார்களே, அது உண்மையா?

விடாமுயற்சியைச் சொல்ல வந்த பழமொழி. ஆனால் அறிவியலிலும் தேறிவிட்டது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் கனிமத் தூளை எறும்புப் புற்றுகளிலும், பக்கத்தில் வெறும் நிலத்திலும் புதைத்து வைத்து, 25 ஆண்டுகள் அவ்வப்போது எடுத்துப் பார்த்தார். 2014இல் முடிவை வெளியிட்டார். வெறும் நிலத்தைவிடப் புற்றுக்குள் 50 முதல் 300 மடங்கு வேகமாகக் கனிமம் கரைந்திருந்தது. ஊர்ந்து தேய்த்ததால் அல்ல, புற்றுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களால்.

தேய்மானத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய கட்டடத்தின் கல்படியைப் பாருங்கள். நடுவில் குழிந்திருக்கும், ஓரத்தில் அப்படியே இருக்கும். பாதம் கல்லைத் தேய்ப்பதைவிட, பாதத்தில் ஒட்டிய மணல் தேய்ப்பதுதான் அதிகம்.

செடி பாறையில் எப்படி முளைக்கிறது? மண்ணே இல்லையே?

விரிசலில் கொஞ்சம் தூசி சேர்ந்தால் போதும், ஒரு விதைக்கு அது தோட்டம். வேர் முதலில் நூல் மாதிரி உள்ளே நுழையும், அப்புறம் பருக்கும். பருக்கும் வேரின் நெருக்கலில் விரிசல் அகலும்.

விதைக்கும் முன்னால் பாறையில் குடியேறுகிறவர் வேறு. பாறைமேல் சாம்பலும் பச்சையும் ஆரஞ்சுமாக, காய்ந்த பெயின்ட் திட்டுப் போல ஒட்டியிருக்குமே, அதுதான் லைக்கன். அது ஒரே உயிர் இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. பாசி உணவு சமைக்கும், பூஞ்சை வீடு கொடுக்கும். பூஞ்சை சுரக்கும் அமிலம் பாறையைத் துளித்துளியாக அரித்துக் கரைக்கும். அதன் மெல்லிய இழைகள் மணிகளுக்கு இடையில் புகுந்து, ஈரத்தில் உப்பியும் வெயிலில் சுருங்கியும் மணிகளைப் பெயர்க்கும்.

ஒரு தடவை உடைந்த பாறை அப்புறம் ஏன் சீக்கிரம் சிதைகிறது?

தண்ணீர் தொடுகிற இடம் கூடிவிடுவதால். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல்லுக்கு ஆறு முகம், மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே எட்டுச் சம துண்டுகளாக வெட்டினால் கல்லின் அளவு அதேதான், ஆனால் வெளிமுகம் 12 சதுர சென்டிமீட்டர். இரட்டிப்பு! கற்கண்டைவிடச் சர்க்கரைத் தூள் சீக்கிரம் கரைவதும் இதனால்தான். இயற்பியல் சிதைவு உடைத்துக் கொடுக்கக் கொடுக்க, வேதியியல் சிதைவுக்கு வேலை சுலபமாகிறது.

ஆற்றுக் கூழாங்கல் ஏன் வழுவழு என்று உருண்டையாக இருக்கிறது?

ஒன்றோடொன்று மோதி உரசுவதால். முதலில் தேய்வது எப்போதும் முனைகள்தான். ஒரு டப்பாவில் சதுரச் சர்க்கரைக் கட்டிகளைப் போட்டு மூடி நூறு தடவை குலுக்குங்கள். முனைகள் மழுங்கியிருக்கும், அடியில் தூள் கிடக்கும். ஆற்றில் கிடக்கும் கல் எவ்வளவு உருண்டையாக இருக்கிறதோ, பெரும்பாலும் அவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது.

எந்தப் பாறை சீக்கிரம் சிதையும்? எவ்வளவு காலம் ஆகும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: என்ன பாறை, என்ன வானிலை, எத்தனை விரிசல். சுண்ணாம்புப் பாறை ஈரமான ஊரில் சீக்கிரம் கரையும், பாலைவனத்தில் அதுவே நிமிர்ந்து நிற்கும். கிரானைட் பொதுவாகத் தாங்கும், விரிசல் நிறைய இருந்தால் அதுவும் தாங்காது. வேதியியல் சிதைவு அதிக வேகமாக நடப்பது வெப்பமும் மழையும் ஒன்றாக இருக்கும் நாடுகளில்.

அப்படிப்பட்ட இடங்களில் கரையக்கூடியது எல்லாம் கழுவிப் போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சினால் செம்புரைக்கல் உண்டாகும். பிரான்சிஸ் புக்கனன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து, 1807இல் வெளியான தன் நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மண்ணுக்குள் இருக்கும்போது வெட்ட மெத்தென்று இருக்கும், வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும். அலுமினியம் எடுக்கும் பாக்சைட்டும் இதே வழியில் பிறந்ததுதான்.

பாறைத் தூள்தான் மண்ணா?

பாதி சரி. வெறும் பாறைத் தூளில் செடி நன்றாக வளராது. அதில் மக்கிய இலை தழை, காற்று, தண்ணீர், புழு பூச்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாம் சேர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். ஒரே பெருமழையில் அது அடித்துக்கொண்டு போய்விடலாம்.

நிலாவிலும் பாறை சிதையுமா?

அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதனால் நாம் இதுவரை பேசிய வழிகளில் பெரும்பாலானவை அங்கே நடக்காது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் பதித்த காலடித் தடங்களை அழிக்க மழை வரப்போவதில்லை. ஆனாலும் நிலாவில் மாற்றமே இல்லை என்று சொல்லக் கூடாது. தூசி அளவிலான விண்கற்கள் ஓயாமல் மோதி மேற்பரப்பைத் தூளாக்கிக்கொண்டே இருக்கின்றன.

மனிதர்களால் சிதைவு கூடுகிறதா?

கூடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் மழையோடு சேர்ந்தால் அமில மழை. பளிங்குச் சிலைகளின் மூக்கும் விரலும் முதலில் மழுங்கும். இதைத் தவிர மலையைக் குடைவது, வெடி வைப்பது எல்லாம் பாறையில் புது முகங்களைத் திறந்துவிடுகின்றன.

இப்படியே போனால் எல்லா மலையும் ஒரு நாள் தீர்ந்துவிடுமா?

வளர்வது நின்றுபோன மலை குட்டையாகும். அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சியன் மலைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட மிக உயரமாக இருந்தவை. இப்போது அவற்றின் மிக உயர்ந்த சிகரமே 2,037 மீட்டர்தான். இமயமலை கதை வேறு. அடியில் நிலத்தட்டுகள், அதாவது பூமியின் மேலோட்டின் பெரிய துண்டுகள், இன்னும் முட்டித் தள்ளிக்கொண்டிருப்பதால், மேலே சிதைந்தாலும் கீழிருந்து உயர்கிறது. எவரெஸ்டின் உயரம் இன்று 8,849 மீட்டர்.

சிதைந்து போன மணலும் களிமண்ணும் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து, அழுத்தத்தில் இறுகி, மறுபடி பாறையாகும். மணல் மணற்கல்லாகும், களிமண் களிப்பாறையாகும். என்றாவது அதுவும் மேலே வரும், அதன்மேலும் மழை பெய்யும்.

நானே கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, வெகுநாள் வெளியே கிடந்த கல் ஒன்றைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைக்கச் சொல்லுங்கள். உடைந்த முகத்தைப் பார்த்தால் பல கற்களில் உள்ளே ஒரு நிறம், ஓரத்தைச் சுற்றிப் பழுப்பாக வேறு நிறம் இருக்கும். அந்தப் பழுப்பு வளையம்தான் தண்ணீரும் காற்றும் இதுவரை உள்ளே வந்த தூரம். பனியாறுகள் விட்டுப்போன கற்கள் எவ்வளவு காலமாக அங்கே கிடக்கின்றன என்று மதிப்பிட நிலவியலாளர்களே இந்த வளையத்தை அளப்பதுண்டு.

நீங்களும் ஸ்கேலால் அளந்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எடுத்த இன்னொரு கல்லில் வளையம் அகலமாக இருந்தால், அது கூடுதல் காலம் வெளியே கிடந்திருக்கலாம், அல்லது வேறு வகைக் கல்லாக இருக்கலாம். எது என்று தெரிய, இரண்டின் உள்பக்கத்தையும் ஆணியால் கீறி, எதில் ஆழமாகக் கீறல் விழுகிறது என்று பாருங்கள்.